யோகராஜா அண்ணை பியர் காய்ச்சிய மார்கழி

மார்கழி மாதத்தில், லண்டனில், கூரையில்லாத பின்வளவில் நின்று பியர் காய்ச்சுகிற ஒரு மனிதருக்குப் பக்கத்து வீட்டில் குடியிருப்பது லேசான காரியம் இல்லை. ஒவ்வொரு கோளாறுக்கும் யோகராஜா அண்ணை வேலிக்கு மேலால் தலையை நீட்டி, "தம்பி, ஒருக்கா வாங்கோ" என்பார். இனிமேல் போவதே இல்லை என்று நினைத்துக்கொண்டுதான் நானும் ஒவ்வொரு முறையும் சப்பாத்தை மாட்டுவேன்.

பிளேஸ்டோ பகுதியில் எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருப்பது ஒரு பலகை வேலி மட்டும்தான். அண்ணைக்கு அறுபதை நெருங்குகிற வயது. உறைந்த மீனும் இறைச்சியும் வைக்கிற ஒரு களஞ்சியத்தில் வேலை. பகல் முழுக்கக் குளிரறைக்குள் பெட்டி அடுக்கிவிட்டு வருகிறவர், லீவு நாளிலாவது ஹீட்டரைப் போட்டுக்கொண்டு கால் நீட்டிப் படுக்கலாம். அவருக்கு அது பிடிக்காது.

இந்தப் பைத்தியத்தைத் தொடக்கிவைத்தது டெரி. அதே களஞ்சியத்தில் அண்ணையோடு வேலை செய்த வெள்ளைக்காரர். தன் சமையலறையில் தானே பியர் காய்ச்சி, ஒவ்வொரு நத்தார் பண்டிகைக்கும் அண்ணைக்கு ஆறு போத்தல் கொண்டுவந்து கொடுப்பார். வாங்கிக் குடித்துக்கொண்டே இருக்க அண்ணைக்கு ரோசம் வந்துவிட்டது. டெரியிடமே கேட்டுக் கேட்டுத் தானும் காய்ச்சத் தொடங்கினார். எட்டு வருடமாகக் காய்ச்சுகிறார், ஒன்றுகூட உருப்படவில்லை. ஒரு வருடம் நுரையே இல்லை. இன்னொரு வருடம் நுரை கூடி, போத்தல்கள் வெடித்து, என் வீட்டுப் பூனை ஒரு கிழமை வெளியே வரவில்லை.

இப்போது டெரி ஓய்வு பெற்றுவிட்டார். பிளாட்டை விற்றுவிட்டுத் ஜனவரிக் கடைசியில் கடற்கரைப் பக்கம் மகளோடு இருக்கப் போகிறார். அதற்கு முன்னால் தன் கையால் காய்ச்சிய நல்ல பியர் ஒன்றை டெரி குடிக்க வேண்டும், குடித்துவிட்டு நல்லாயிருக்கு என்று ஒரு சொல் சொல்ல வேண்டும். அண்ணைக்கு வேண்டியது அவ்வளவுதான். அதை என்னிடம் இரண்டு தரம் சொன்னார். அதனால்தான் நானும் இழுபட்டேன்.

வீட்டுக்குள் காய்ச்சியிருந்தால் பாதித் தொல்லை இல்லை. ஆனால் அண்ணையின் மனைவி கனகாம்பிகை அக்காவுக்கு அது பிள்ளையார் கதை விரத காலம். ஒருநேரச் சாப்பாடு, பின்னேரத்தில் விளக்குக் கொளுத்திக் கதை படிப்பு. சாமியறை இருக்கிற வீட்டுக்குள் சாராயம் காய்ச்ச விடமாட்டேன் என்று அக்கா சொல்லிவிட்டார். இது சாராயம் இல்லை, பியர் என்று அண்ணை விளங்கப்படுத்தினார். இரண்டும் உள்ளே போய் ஒரே வேலையைத்தான் செய்கிறது என்றார் அக்கா. அதற்கு மேல் என்ன பேசுவது?

காய்ச்சிய நாள் காலையில் வளவுப் புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்து கிடந்தது. உடைத்த பார்லி முளையை வெந்நீரில் ஒரு மணித்தியாலம் ஊறவைக்க வேண்டும், அந்த ஒரு மணித்தியாலமும் சூடு இறங்கக்கூடாது. அண்ணை கல்யாணச் சோறு வேகிற அளவில் ஒரு பெரிய பானையைக் காஸ் அடுப்பில் ஏற்றினார். அடுப்பு பற்றியது, பத்து நிமிடத்தில் நெருப்பு நீலப் பொட்டாகச் சுருங்கி அணைந்தது. திரும்பவும் பற்றவைத்தார், திரும்பவும் அணைந்தது. சிலிண்டரைத் தூக்கி ஆட்டினால் நிறைய இருக்கிறது. கடைக்குப் போன் பண்ணினோம். நீலச் சிலிண்டரில் இருக்கிற காஸ் இந்தக் குளிருக்கு எழும்பாது, சிவப்புத்தான் வேண்டும் என்று ஏதோ சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொன்னார்கள். என் காரில் போய்ச் சிவப்பு வாங்கி வருவதற்குள் ஊறல் ஆறி அவலாய்ப் போயிருந்தது. அந்தப் பார்லியைக் கொட்டிவிட்டுப் புதிதாகத் தொடங்கினார்.

இரண்டாம் முறை பானைக்கு என் வீட்டுப் போர்வையைச் சுற்றினோம். அடுப்பைச் சுற்றிக் காற்றுக்குத் தகரம் வைத்தோம். ஒரு மாதிரிக் கொதித்தது. கசப்புக்கு ஹொப்ஸ் என்ற பூவைப் போட்டார். பிறகு அதைக் கெதியில் ஆறவைக்க வேண்டும், அதற்குத் தண்ணீர்க் குழாய் வேண்டும். குழாய்க்குள் தண்ணீர் கட்டியாக உறைந்து கிடந்தது. அண்ணை அந்தக் குழாயைக் கட்டிப்பிடித்து உடம்புச் சூட்டில் உருக்கப் பார்த்தார். விரல் மரத்து, மூக்கு வடிந்து, மனிதர் அழாத குறை. எனக்கு வந்த ஆத்திரத்தில் குழாயை வீட்டுக்குள் இழுத்துப்போய்க் குளியல் தொட்டியில் சுடுதண்ணீர் விட்டு உருக்கினேன். தரை முழுக்கச் சேறு என்று அக்கா என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை.

இவ்வளவு அல்லோலகல்லோலத்திலும் ஒரு காரியத்தில் மட்டும் அண்ணை பிசகவில்லை. கொதித்து ஆறிய பிறகு பியரில் கழுவாத எதுவும் படக்கூடாது என்பது டெரியின் வேதவாக்கு. வாளி, மூடி, அகப்பை எல்லாவற்றுக்கும் கிருமி கொல்லுகிற மருந்தடித்தார். தன் கைக்கும் முழங்கை வரைக்கும் அடித்தார். ஒப்பரேஷனுக்குப் போகிற டொக்டர் மாதிரி இருக்கிறீர்கள் என்று பகிடி பண்ணினேன். அவர் சிரிக்கவில்லை.

ஈஸ்டைப் போட்டு மூடி, வாளியைத் தோட்டத்துக் கொட்டிலுக்குள் வைத்தார். மூடியில் ஒரு சின்னக் குழாய் இருக்கிறது. உள்ளே நுரைக்கத் தொடங்கினால் அதில் குமிழி வரும். குமிழி வரவில்லை. மறுநாளும் இல்லை. இந்தக் குளிரில் ஈஸ்ட் நித்திரை என்றார் டெரி போனில். உள்ளே கொண்டுபோ, மனைவியிடம் சொல் என்றும் சொன்னார். அவருக்குச் சொல்ல லேசு.

அண்ணை சமையலறை ஜன்னலால் வயர் இழுத்துச் சூடாக்குகிற பட்டி ஒன்றை வாளிக்குக் கட்டினார். ஈரம் பட்டு, அக்கா கதை படிக்கிற நேரம் பார்த்து வீடு முழுக்க கரண்ட் போய்விட்டது. இனி வயரும் கிடையாது என்று சட்டம் வந்தது. வீட்டில் சூடான இடம் பொயிலர் இருக்கிற அலுமாரி ஒன்றுதான். அதில் தோசைக்கு அரைத்த மா இருந்தது. மாவுக்குப் பக்கத்தில் வாளியை வைக்கட்டுமா என்று கேட்கிற தைரியம் அண்ணைக்கு வரவில்லை. ரப்பர் பையில் சுடுதண்ணீர் நிரப்பி, வாளியைச் சுற்றி வைத்து, அது ஆற ஆற மாற்றிக்கொண்டு வளவுக்கும் வீட்டுக்கும் நடந்தார். பார்த்துக்கொண்டு நிற்க எனக்கே எரிச்சலும் பரிதாபமுமாக இருந்தது.

ஒரு நாள் காலையில் வேலிக்கு மேலால் சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தேன். குழாயில் குமிழி வந்துகொண்டிருந்தது. அண்ணை கொட்டில் வாசலில் குந்தியிருந்து, பிள்ளை முதல் அடி வைப்பதைப் பார்க்கிற மாதிரிப் பார்த்துக்கொண்டிருந்தார். டெரிக்குப் போன் எடுத்துச் சொன்னார். எனக்கும் சந்தோஷம்தான், பொய் சொல்வானேன்.

தைப்பொங்கல் கழிந்த சனிக்கிழமை போத்தலில் அடைப்பதற்காக மூடியைத் திறந்தார். திறந்ததுமே வாசம் சரியில்லை. ஒரு மிடறு குடித்து என்னிடம் நீட்டினார். நானும் குடித்தேன். பழைய புளித்த மாவைக் கரைத்துக் குடித்த மாதிரி இருந்தது. டெரி போவதற்கு இரண்டு கிழமைகூட இல்லை, இன்னொரு முறை காய்ச்ச நேரமும் இல்லை. அண்ணை வாளியைத் திட்டினார், மருந்து விற்ற கடையைத் திட்டினார். கடைசியில் போர்வையில் கிருமி இருந்திருக்கும் என்று என்னையும் திட்டினார். சத்தம் கேட்டு அக்கா கொட்டில் வாசலுக்கு வந்தார்.

"நான்தான் கையை விட்டுக் கலக்கினனான்" என்றார் அக்கா.

அண்ணைக்கு விளங்கவில்லை. அக்கா மெல்லமாகச் சொன்னார். கையால் கலக்கினால்தான் தோசை மா பொங்கும், கரண்டியால் கலக்கினால் குளிருக்கு அப்படியே கிடக்கும். குமிழி வருவதற்கு முதல் நாள் மாவைக் கரைத்துவிட்டு, சவர்க்காரம் போட்டுக் கை கழுவிக்கொண்டு வந்து, பியர் வாளியைத் திறந்து அடிவரைக்கும் கலக்கியிருக்கிறார். மறுநாள் குமிழி வந்ததும் கைராசி வேலை செய்துவிட்டது என்று நினைத்திருக்கிறார்.

"ஆரடி உன்னைத் தொடச் சொன்னது?" என்றார் அண்ணை. "எட்டு வருசம். இது கடைசித் தரம் எண்டு உனக்குத் தெரியாதோ?"

"தெரிஞ்சபடியால்தான் தொட்டனான். ஒவ்வொரு நாளும் நீங்கள் சுடுதண்ணிப் பையைக் காவிக்கொண்டு நடுங்கி நடுங்கிப் போறதை ஜன்னலாலை பாத்துக்கொண்டு என்னெண்டு இருக்கிறது? எனக்குத் தெரிஞ்சது உது ஒண்டுதான்."

"விரதத்தோடையோ கையை விட்டனீ?"

"ஓம். பிறகு தலை முழுகிப்போட்டுத்தான் விளக்குக் கொளுத்தினனான்."

அண்ணைக்குக் கோபம் இறங்கவில்லை. போத்தல்களை ஒவ்வொன்றாக எடுத்து, சத்தம் கேட்க வைத்து, அந்தப் புளித்த பியரையே அடைத்தார். எப்படியும் டெரி ஒரு வாய் குடித்துப் பார்க்கட்டும் என்றார்.

டெரி போவதற்கு முதல் நாள் என் காரில்தான் போனோம். வழி நெடுக அண்ணை புறுபுறுத்துக்கொண்டே வந்தார். குளிரறையில் வேலை செய்கிறவனை மார்கழியில் வெளியே நிறுத்தியது ஆர்? நல்லாய் வந்ததைக் கெடுத்தது ஆர்? எல்லாவற்றையும் இன்றைக்கு டெரியிடம் சொல்லத்தான் போகிறேன் என்றார். அக்காவை நினைக்கப் பாவமாக இருந்தது.

டெரியின் வீட்டில் சாமான் எல்லாம் பெட்டியில் ஏறிவிட்டது. டெரி ஒரு கிளாஸைத் தேடி எடுத்து ஊற்றினார். நிறம் அழகாகத்தான் இருந்தது. ஒரு மிடறு வாயில் வைத்து, கண்ணை மூடி, கஷ்டப்பட்டு விழுங்கினார். கிளாஸைப் பெட்டிக்கு மேல் வைத்துவிட்டு, இதற்குள் யாருடைய கை பட்டது என்று கேட்டார். அனுபவசாலி, ஒரு மிடறிலேயே பிடித்துவிட்டார்.

நான் அண்ணையைப் பார்த்தேன். அவர் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ரை கைதான்" என்றார் ஆங்கிலத்தில். "கழுவ மறந்திட்டன்."

எட்டு வருடமாகச் சொல்கிறேனே, இந்த ஒரு விஷயம்கூட உன் மண்டையில் ஏறவில்லையா என்று டெரி தொடங்கினார். நல்ல மனிதர்தான், ஆனால் அவருக்கு உண்மையிலேயே மனம் விட்டுப்போயிருந்தது. காய்ச்சிய பிறகு எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று முதலாம் நாள் பாடத்தை முதலிலிருந்து சொல்லத் தொடங்கினார். எனக்கு வாய் துறுதுறுத்தது, அடக்கிக்கொண்டேன். யோகராஜா அண்ணை இரண்டு கைகளையும் ஜக்கெற் பைக்குள் விட்டபடி, ஒவ்வொன்றுக்கும் தலையாட்டி, ஓம் ஓம் என்று கடைசிவரை கேட்டுக்கொண்டு நின்றார்.