எல்லாரும் போய்விட்டார்களா?

யுத்தம் முடிந்த மறு வருடம், ஒரு வாரப் பத்திரிகையில் செவ்வாய்க் கிரகத்துப் படை பூமியை வளைத்துக்கொள்ளும் தொடர்கதை வந்தது. சின்ன காஞ்சிபுரத்துச் சலூனில் நானும் என் சிநேகிதனும் அதைப் பற்றி வாராவாரம் வாதாடுவோம்.

அங்கே ஒருவர் வருவார். பட்டாளத்திலிருந்து திரும்பியவர் என்பது மட்டும் தெரியும். ஒட்ட வெட்டிய நரைத் தலை, கழுத்துவரை பொத்தான் போட்ட சட்டை. எப்போதும் வாசலைப் பார்த்தே உட்காருவார். பேச மாட்டார்.

ஒரு மாலை நான் சிநேகிதனிடம், "ஒரே கதிர்ல ஊரையே எரிக்கிறவன் எதுக்குபா மாசக்கணக்கா மேல சுத்திக்கினு இருக்கான்? லாஜிக்கே இல்ல" என்றேன்.

அப்போது ஒரு விமானம் மிகத் தாழ்வாகப் பறந்தது. அவர் என் தோளைப் பற்றி இழுத்து, பெஞ்சுக்கு அடியில் அமுக்கினார்.

"தலைய தூக்காதபா!"

எனக்குச் சிரிப்பு வந்தது. அவரும் என் பக்கத்தில் தரையோடு தரையாகப் படுத்திருப்பதைக் கண்டதும் சிரிப்பு நின்றது. சத்தம் ஓய்ந்த பிறகும் எழத் துணிவு வரவில்லை.

"எரிச்சிட்டா பயம் முடிஞ்சிடும்பா. அதான் சுத்திக்கினே இருக்கான்" என்றார் காதோரம்.

கடைசி அத்தியாயத்தில் செவ்வாய்ப் படை தோற்று ஓடியது. அவருக்கு ஆறுதலாக இருக்கட்டுமென்று நானே படித்துக் காட்டினேன்.

"எல்லாரும் போயிட்டாங்கன்னு யாருபா பாத்தாங்க?" என்று கேட்டார்.

பக்கங்களை மறுபடி புரட்டினேன். "யாரும் பாக்கலீங்க" என்றேன்.

அவர் எழுந்துபோய், வாசலில் நின்று வானத்தைப் பார்த்துவிட்டுத் தெருவில் இறங்கினார். அன்று நானும் பார்த்துவிட்டுத்தான் இறங்கினேன்.