புதுசு பதினாலு, பழசு பதினாலு

சாவி பூட்டுக்குள் நுழையவே இல்லை. திருப்பிப் போட்டேன், ஊதிப் போட்டேன், வடிவுடையம்மனை மனதுக்குள் கூப்பிட்டுப் போட்டேன். எனக்குப் பின்னால் மும்பையிலிருந்து வந்த டைரக்டர் மேடமும், கோடவுனை லீசுக்கு எடுக்க வந்த ஷிப்பிங் மேனேஜரும் எர்ணாவூர் வெயிலில் நின்றிருந்தார்கள்.

எங்களுடையது பெரிய முதலீட்டு நிறுவனம். பிறர் பணத்தைக் கட்டடங்களில் போட்டு நிர்வகிப்போம். நான் அசெட் மேனேஜர். இரண்டு வருடமாகக் காலியாக இருந்த இந்தக் கோடவுன் அன்று லீசுக்குப் போகாவிட்டால் என் சீட்டு கிழியும் என்று மேடம் காரிலேயே சிரித்தபடி சொல்லியிருந்தார்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து, வெளியிலிருந்து போட்டோ எடுத்து ரிப்போர்ட் அனுப்புவேன். எப்போதும் வெள்ளிக்கிழமை மதியம்தான். அப்படியே வீட்டுக்குப் போய்விடலாமே! அன்று செவ்வாய்.

வாட்ச்மேன் கஜா வந்தார். "இன்னா சார், இன்னைக்குப் பூட்டையும் செக் பண்றியா?"

"பூட்டை யார் மாத்தினது கஜா?"

"யாரும் மாத்தல. எங்க பாய் கோடவுன்ல எங்க பாய் பூட்டு கீது. உன் கையில கீறது எந்த வூட்டு சாவி?"

சுவரில் எழுதியிருந்த நம்பரை விரலால் காட்டினேன்.

"இது பதினாலுதானே?"

"கார்ப்பரேசன் கதவு நம்பரை மாத்துச்சுல்ல, இது புதுசு பதினாலு சார். பழசு பதினாலு அதோ, மூணு கேட்டு தள்ளி. ஷீட்டு பறந்து, உள்ள மரம் மொளைச்சு கீது பாரு, அது."

அதற்குள் ஸ்கூட்டரில் உரிமையாளர் சலீம் பாய் வந்து இறங்கினார். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீதானா நைனா அந்த கார்ப்பரேசன் ஆபீசரு? நான் ஜும்மா தொழுகைக்குப் போற நேரமா பாத்து வந்து, கூரை ஷீட்டு ஒடைஞ்சு கீது, ஷட்டர் துருன்னு கஜாகிட்ட சொல்லிட்டுப் போவியே! பேஜாரா பூடுமேன்னு அல்லாத்தையும் சரி பண்ணேன். போன மாசம் வெள்ளைகூட அடிச்சேன்பா!"

நான் சொன்ன குறையெல்லாம் அடுத்த முறைக்குள் சரியாகிவிடும். எங்கள் மெயின்டனன்ஸ் டீமைப் பாராட்டி மெயில் போட்டிருந்தேன். அவர்களும் கூச்சமே இல்லாமல் நன்றி சொல்லியிருந்தார்கள்.

"அப்போ நம்ம கோடவுனை நீங்க பாத்ததே இல்லையா?" என்றார் மேடம்.

"இப்பதான் மேடம். தூரத்துல தெரியுது."

ஷிப்பிங் மேனேஜர் எங்களைக் கண்டுகொள்ளவில்லை. பளிச்சென்றிருந்த சுவரைத் தட்டிப் பார்த்துக்கொண்டே, "பாய், உள்ள எடம் இருக்கா?" என்றார்.

"பாதி காலிதான் சார், வா."

லீஸ் கைவிட்டுப் போயிற்று. என் சீட்டும் போயிற்று என்று நினைத்தேன். ஆனால் காரில் மேடம் என் பழைய ரிப்போர்ட்டுகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார். ஒவ்வொன்றின் அடியிலும் 'அப்ரூவ்ட்' என்று அவருடைய கையெழுத்து. மணலி தாண்டியதும் எல்லாவற்றையும் மூடினார்.

"இது மும்பை வரைக்கும் போக வேண்டாம்," என்றார் கடைசியில். "ஒரு மாசத்துல நம்மளுதை ரெடி பண்ணுங்க."

சீட்டு தப்பியது. கூரை மாற்ற ஆள் கொடுத்தவர் சலீம் பாய்தான். என் குறைகளைக் கேட்டுக் கேட்டே நல்ல ஆட்களாகச் சேர்த்து வைத்திருந்தார்.

புதிதாக இந்த வேலைக்கு வருபவர்களுக்கு ஒன்று. சுவரில் இருக்கும் நம்பரை நம்பாதீர்கள். வாட்ச்மேனிடம், "இது யாருடையது?" என்று கேளுங்கள். டை கட்டியவன் வாயில் அந்தக் கேள்வி லேசில் வராது. என் வாயில் வரவழைக்க ஒரு லீஸ் செலவானது.