நோட்டுப் படம் போட்ட வெள்ளிக்காசு

எழுபதுகளின் கடைசியில் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு வெள்ளிப் பட்டறையில் சேர்ந்தேன். முதல் நாளே முதலாளி உளியைக் கையில் கொடுத்து ஒரே ஒரு பாடம் சொன்னார். வெள்ளி என்று எது வந்தாலும் ஓரத்தில் ஒரு வெட்டுப் போட்டு உள்ளே பார்க்க வேண்டும். மேலே வெள்ளி முலாம், உள்ளே பித்தளை என்று ஏமாற்றுச் சரக்கு நிறைய வந்த காலம் அது. மூன்றே மாதத்தில் கை தானாக வெட்டப் பழகிவிட்டது. அதில் எனக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு.

ஒரு நாள் காலை மல்லசமுத்திரத்திலிருந்து ஒரு பெண் கைக்குழந்தையோடு வந்தார். முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு பெரிய வெள்ளிக்காசை நீட்டினார். அவர் வாய் திறக்குமுன் வெட்டிவிட்டேன். உள்ளேயும் சுத்த வெள்ளிதான்.

"ஐயோ! ஏனுங்க, அது உருக்கறதுக்கில்லீங்க!"

அப்புறம்தான் காசையே பார்த்தேன். ராஜா தலை இல்லை, ஒரு காகித நோட்டின் படம், பூவேலை, நம்பர் எல்லாம் சேர்த்து. ஏதோ ஒரு நாட்டில், தங்கள் ஆதிகால நோட்டுகளின் நினைவாக அடித்த காசாம். கப்பலில் வேலை செய்யும் அவருடைய அண்ணன் அனுப்பியது. மறுநாள் குழந்தைக்குக் காதுகுத்து. மாமன் வர முடியாது. அவர் சீராக இந்தக் காசுதான் குழந்தையின் அரைஞாணில் தொங்க வேண்டும். அதற்கு ஒரு வளையம் வைக்கத்தான் வந்திருந்தார். என் வெட்டோ நோட்டின் வலது ஓரத்தில் இறங்கியிருந்தது.

முதலாளி எட்டிப் பார்த்தார். "ஏண்டா, மாமன் சீரையே கிழிச்சுப்போட்டயா? காயித நோட்டா இருந்தா பேங்குல மாத்திக் குடுத்தரலாம். இதை எங்கடா போய் மாத்துவ?"

கண் கலங்கி நின்ற அந்தப் பெண் சிரித்துவிட்டார். எனக்கு உயிர் வந்தது. வெட்டிய இடத்திலேயே வளையத்தைப் பதித்துப் பற்றவைத்தேன். வெட்டு மறைந்தது. ஆனால் தூக்கிப் பிடித்தால் படம் படுக்கையாக வராமல் நிமிர்ந்து நின்றது.

"நோட்டு நட்டுக்குத்தலா நிக்குதுங்களே," என்றேன் பயந்துகொண்டே.

"நிக்கட்டுமுங்க. எம்பையன் ஒருக்களிச்சுப் படுத்துட்டுத்தான் எல்லாத்தையும் பாப்பான். அவனுக்கு நேராத்தான் தெரியும்."

அன்று முதல் கேட்காமல் உளியைத் தொட்டதில்லை.

மூன்று வருடம் கழித்து அந்தப் பெண் மறுபடி வந்தார். இடுப்பில் இரண்டாவது குழந்தை, கூடவே கப்பல்கார அண்ணன், அவர் கையில் அதே மாதிரி இன்னொரு காசு. நான் இரண்டு கையையும் கட்டிக்கொண்டு, "வளையம் எங்கீங்க வெக்கோணும்?" என்று கேட்டேன்.

"மூத்தவனுது மாதிரியேதானுங்க," என்றார் அண்ணன். "மொதல்ல ஒரு வெட்டுப் போட்டுருங்க. நாளைக்கு மாமன் ஓரவஞ்சனை பண்ணிப்போட்டான்னு இவன் சண்டைக்கு வந்தரக் கூடாது பாருங்க."

முப்பது வருடத்தில் எவ்வளவோ வெள்ளி வெட்டியிருக்கிறேன். அவ்வளவு சந்தோஷமாக வெட்டியது அந்த ஒரு காசைத்தான்.