பாண்டி போனை எடுக்கக் கூடாது

அப்போதெல்லாம் காரைக்காலில் எங்கள் நில அளவை அலுவலகத்துக்குப் பாண்டியிலிருந்து போன் வந்தால், முதல் மணி அடித்து ஓய்வதற்குள் எடுத்துவிட வேண்டும். அப்படி ஓர் உத்தரவை யாரும் போட்டதில்லை. ஆனாலும் அதை மீற யாருக்கும் துணிச்சல் கிடையாது. எங்களை ஆளுகிறவர்கள் அத்தனை பேரும் பாண்டியில் இருந்தார்கள். நடுவில் சீர்காழி, சிதம்பரம், கடலூர் என்று தமிழ்நாடு நீட்டிப் படுத்துக் கிடந்தது. எங்களுக்கும் அவர்களுக்கும் இடையே உயிர் என்று இருந்தது சூப்பரிண்டெண்டெண்ட் சாருடைய மேசையில் இருந்த அந்தச் சாம்பல் நிறப் போன்தான். அது அடித்தால் சார் எழுந்து நிற்பார், சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொள்வார், "அலோ, வணக்கம் சார்" என்பார். மூன்றும் ஒரே நேரத்தில் நடக்கும். அவர் வேகத்தைப் பார்த்தால் போன் அடிப்பதற்கு முன்னாலேயே எழுந்துவிட்டாரோ என்று தோன்றும்.

நான் அங்கே கம்ப்யூட்டர் வேலைக்கு இருந்தேன். கம்ப்யூட்டர் மட்டும் அங்கே இல்லை. சிரிக்காதீர்கள், எண்பதுகளின் கடைசியில் அதுதான் நிலைமை. மாவட்டத்து வயல் வரப்பு, வாய்க்கால், தெரு எல்லாம் பாண்டியில் இருந்த பெரிய கம்ப்யூட்டருக்குள் படமாக ஏறியிருந்தது. இங்கே ஒரு வாய்க்காலைத் திருப்பி வெட்டினால் அங்கே படத்தில் கோட்டைத் திருத்த வேண்டும். அதற்காக நான் திங்கட்கிழமை விடியற்காலையில் எங்கள் ஊர் நெரவியிலிருந்து கிளம்பிப் பாண்டிக்குப் போய், விடுதியில் தங்கி, சனிக்கிழமை திரும்புவேன். சனிக்கிழமை பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்குமா? திருநள்ளாற்றுக்குப் போகிற கூட்டம் முழுக்க அதில்தான் இருக்கும். எள் மூட்டையோடும் எண்ணெய்ப் பாட்டிலோடும் வருகிறவர்கள் நடுவில் நாலு மணி நேரம் நின்றுகொண்டே வருவேன். சனி பகவான் எனக்குத் தனியாக எதுவும் செய்ய வேண்டியிருக்கவில்லை.

வீட்டில் மூன்று வயதுப் பெண் குழந்தை. என் நாத்தனார் பார்த்துக்கொண்டார். சும்மா சொல்லக் கூடாது, தங்கமான மனுஷி. அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆனால் போதும், குழந்தை என்னை விட்டு மெல்ல நகர்ந்து அத்தை மடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். அழாது, அடம் பிடிக்காது. நான் பச்சைக் கலர் பையைப் பரணிலிருந்து இறக்குவதை அங்கிருந்தே பார்த்துக்கொண்டிருக்கும். அழுதிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

வீட்டுக்காரர் கிளிஞ்சல்மேட்டில் விசைப்படகு இன்ஜின் பழுதுபார்க்கிறவர். பாண்டிக்குக் குடிபோக அவரால் முடியாது. வேலையை விட எனக்கு மனசு வராது. எங்கள் இரண்டு வீட்டிலும் சம்பளத்துக்குப் போன முதல் பெண்பிள்ளை நான். படித்தது வீணாகக் கூடாது என்று பிடிவாதமாக இருந்தேன். பிடிவாதம் எனக்குக் கொஞ்சம் அதிகம்தான்.

இந்த நேரத்தில்தான் பாண்டிக் கம்ப்யூட்டர் அதிகாரி, ஒல்லியான, சிரித்தே அறியாத மனுஷர், ஒரு வழி சொன்னார். ஒரு திரையையும் மோடம் என்கிற ஒரு பெட்டியையும் காரைக்காலுக்கு அனுப்புகிறேன், போன் கம்பி வழியாகவே இங்கே இருக்கிற படம் அங்கே தெரியும், அங்கேயே உட்கார்ந்து திருத்துங்கள் என்றார். எனக்குக் காது குளிர்ந்துவிட்டது. உடனே அடுத்ததையும் சொன்னார்: "ஒரு வாரம் டயம். வெள்ளிக்கிழமைக்குள்ள படம் அங்க வரலைன்னா பெட்டியத் திருப்பி அனுப்பிடுங்க. அப்புறம் நீங்க பாண்டிக்கே வந்துட வேண்டியதுதான். வாரா வாரம் போய்ட்டு வர்றதுக்கெல்லாம் இனிமே அனுமதி கிடையாது."

பாதுகாப்பில் அந்த மனுஷர் ரொம்பக் கறார். ஊர் நிலமெல்லாம் அதற்குள் இருக்கிறதே, எவனாவது போன் போட்டு உள்ளே புகுந்துவிட்டால்? அதனால் கம்ப்யூட்டர் யாரையும் நேரே உள்ளே விடாது. நாம் போன் போட்டு, பேரையும் பாஸ்வேர்டையும் கொடுத்தால், "சரி, வை" என்று துண்டித்துவிடும். அப்புறம் அதுவே நம்முடைய நம்பருக்குத் திருப்பிக் கூப்பிடும். நம்பர் அதன் நினைவில் ஏற்கெனவே பதிந்திருக்கும். வேறு எங்கிருந்து யார் கூப்பிட்டாலும் போன் நம் அலுவலகத்துக்குத்தான் வரும். நம் பக்கத்து மோடம் இரண்டாவது மணியில் அதை எடுக்கும், இரண்டு பெட்டியும் பேசிக்கொள்ளும், படம் வரும். பெண் கேட்டு வந்தவனிடம் "நீ போ, நாங்க வீட்டுக்கு வந்து விசாரிச்சுக்கறோம்" என்று சொல்வதுபோலத்தான்.

"பாஸ்வேர்ட வீட்டுக்காரர்கிட்டகூடச் சொல்லக் கூடாதும்மா" என்றார் அதிகாரி. சொல்லவில்லை. "என்னடி, எங்கிட்டயே மறைக்கிற அளவுக்கு அதுல என்ன இருக்கு?" என்று வீட்டுக்காரர் ராத்திரிச் சாப்பாட்டில் சீண்டினார். "உங்க பேரு இல்ல, அது மட்டும் நிச்சயம்" என்றேன்.

திரை வந்தது. பழைய வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடத்தின் பின்பக்க அறையை அதற்கு ஒதுக்கி, ஏ.சி. மாட்டினார்கள். அலுவலகத்திலேயே ஒரே ஏ.சி. அதுதான். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். சாப்பாட்டு நேரத்தில் வாசலில் கிடக்கிற செருப்பைப் பார்த்தால் உள்ளே கல்யாணம் நடக்கிறதென்று நினைப்பீர்கள். லைன்மேன் வந்து, சாருடைய சாம்பல் நிறப் போனிலிருந்து ஒரு ஒயரைப் பிரித்து என் அறை வரைக்கும் இழுத்துக் கொடுத்தார். "சார் போனுக்கு ஒண்ணும் ஆகாதுங்க, அது பாட்டுக்கு வேல செய்யும்" என்றார். அது எவ்வளவு பெரிய விஷயம் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

திங்கட்கிழமை காலையில் சாமியைக் கும்பிட்டுவிட்டு உட்கார்ந்தேன். கூப்பிட்டேன். பேர் கேட்டது, கொடுத்தேன். பாஸ்வேர்டு கேட்டது, கொடுத்தேன். திருப்பிக் கூப்பிடுகிறேன் என்று எழுத்தில் காட்டிவிட்டு வைத்துவிட்டது. நான் மோடத்தின் சிவப்பு விளக்கையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். விளக்கு ஒரு தடவை மினுக்கியது. அவ்வளவுதான். அப்புறம் ஒன்றுமில்லை. மறுபடி கூப்பிட்டேன், மறுபடி அதே கதை. ஏ.சி. சத்தத்தில், மூடிய கதவுக்குப் பின்னால், அத்தனை கனமான சுவருக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறதென்று எனக்கு எப்படித் தெரியும்?

முன்னறைக்கு ஓடி, சாருடைய போனிலிருந்தே பாண்டிக்குப் பேசினேன். "எங்க கம்ப்யூட்டர் கூப்பிட்டுச்சும்மா. உங்க பக்கம் யாரோ எடுத்துட்டாங்க" என்றார் அதிகாரி. "இங்க யாரும் எடுக்கல சார்! நான் பெட்டி பக்கத்துலயே உக்காந்திருக்கேன்!" என்று கத்தினேன். எதிரே சூப்பரிண்டெண்டெண்ட் சார் முகம் வெளுத்துப்போய் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாண்டியோடு ஒரு பொம்பளை இந்தக் குரலில் பேசி அவர் கேட்டதில்லை. நான் சொன்னது அத்தனையும் அவர் காதில் விழத்தான் செய்தது. ஆனால் கம்ப்யூட்டர் போன் பண்ணும் என்று அவருக்கு எப்படித் தோன்றும்? போன் பண்ணுவது மனுஷர்கள் வேலை.

செவ்வாய், புதன் இரண்டு நாளும் இதே கூத்து. லைன்மேன் வந்து கம்பியைப் பார்த்தார். பாண்டியில் மோடத்தை மாற்றினார்கள். நான் அந்தப் பெட்டியைக் கெஞ்சினேன், அப்புறம் திட்டினேன். வீட்டில் குழந்தை, பண்டிகைக்கு லீவு விட்டதுபோல வார நாளிலும் நான் வீட்டில் இருப்பதை ஏதோ வேடிக்கையாகப் பார்த்தது. புதன்கிழமை ராத்திரி என் பக்கத்தில் வந்து படுத்தது. இதைக் காட்டிவிட்டு அப்புறம் பிடுங்கிக்கொள்ளப் போகிறோமே என்று இருந்தது.

வியாழக்கிழமை சார் என் அறைக்கு வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு, நெற்றி நிறைய விபூதியோடு, உட்காராமல் நின்றார். "நாளான்னிக்கு நான் லீவும்மா. திருநள்ளாறு போயி எள் விளக்கு போட்டுட்டு வரணும். எனக்கு நேரம் சரியில்ல."

"ஏன் சார், வீட்ல ஏதாவது உடம்புக்கு..."

"வீட்ல ஒண்ணுமில்ல. பாண்டியில யாருக்கோ எம்மேல கோவம்." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "திங்கக்கெழமலேர்ந்து போன் வருது. எடுத்து வணக்கம் சார்ங்கறேன். பேச மாட்டேங்கறாரு. கீச்சு கீச்சுன்னு ஒரு சத்தம், பல்லக் கடிக்கிற மாதிரி. அப்புறம் பட்டுனு வச்சிடறாரு. ஒரு தடவையா, ரெண்டு தடவையா? டிரான்ஸ்பர் போட்டுடுவாங்களோன்னு தூக்கமே இல்லம்மா. வீட்ல இன்னும் சொல்லல."

எனக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. அப்புறம் எல்லாம் ஒரே அடியில் புரிந்தது. "ஐயோ சார்!" என்று தலையில் அடித்துக்கொண்டு சிரித்தேன் பாருங்கள், அவர் பயந்தே போய்விட்டார். மூன்று நாளாக என் கம்ப்யூட்டர் கூப்பிடக் கூப்பிட, முதல் மணி ஓய்வதற்குள் இவர் எழுந்து நின்று, பொத்தான் போட்டு, அதற்கு வணக்கம் சொல்லியிருக்கிறார். இரண்டாவது மணி அடித்தால்தானே என் மோடம் எடுக்கும்!

விளக்கிச் சொன்னேன். அவருக்கு உயிர் வந்தது. நாற்காலியில் உட்கார்ந்து என் தண்ணீரை வாங்கிக் குடித்தார். "சரிம்மா, இனிமே எடுக்கல" என்றார்.

எடுத்தார். வெள்ளிக்கிழமை காலை நான் கூப்பிட்டுவிட்டு, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காது கொடுத்துக் கேட்டேன். மணி அடித்தது. "அலோ, வணக்..." என்று பாதியில் நின்றது. ஓடிப்போய்ப் பார்த்தால் ரிசீவரைக் கையில் வைத்துக்கொண்டு பாம்பைப் பிடித்தவர்போல நிற்கிறார். "கை தானா போயிடுச்சும்மா" என்றார் பாவமாக. இரண்டாம் தடவை கையை மேசைக்கடியில் வைத்துக்கொண்டார். அப்படியும் எடுத்துவிட்டார். எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்துவிட்டது. "சார், இன்னிக்கு வெள்ளிக்கெழம. படம் வரலைன்னா எம்புள்ளய விட்டுட்டு நான் பாண்டியிலதான் கெடக்கணும். தெரியுமா உங்களுக்கு?" என்று அவர் மேசை முன்னாலேயே கத்திவிட்டேன். அலுவலகமே திரும்பிப் பார்த்தது.

சார் கோபித்துக்கொள்ளவில்லை. தன் கையைத் திருப்பிப் பார்த்தார். "சும்மா இருன்னா இந்தக் கை இருக்காதும்மா. அதுக்கு வேற ஒரு வேல குடுக்கணும்" என்றார். "நீ போயி கூப்புடு. கூப்புட்டதும் எனக்கு ஒரு குரல் குடு."

கூப்பிட்டேன். பாஸ்வேர்டு கொடுத்தேன். அது துண்டித்ததும் வாசலுக்கு வந்து, வாய்க்கு வந்ததைக் கத்தினேன்: "சார், கும்பிட்டுக்குங்க!"

அவர் எழுந்து நின்றார். பொத்தானைப் போட்டார். இரண்டு கையையும் இறுகக் கூப்பிக்கொண்டு போனைப் பார்த்து நின்றார். மணி அடித்தது. பாண்டி போன் ஒரு மணி முழுசாக அடித்து நாங்கள் யாரும் அதற்கு முன் கேட்டதில்லை. அவர் உதடு "வணக்கம் சார்" என்று அசைந்தது, கை மட்டும் பிரியவில்லை. இரண்டாவது மணி பாதியில் நின்றது.

திரும்பி ஓடினேன். பச்சைக் கோடு ஒன்று திரையின் மேலே தொடங்கி மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. கடற்கரை. அப்புறம் அரசலாறு. அப்புறம் ஒவ்வொரு வாய்க்காலாக, ஓர் ஈடு இட்லி வேகிற நேரத்துக்குப் படம் வந்துகொண்டே இருந்தது. என் பின்னால் செருப்பில்லாத காலோடு அலுவலகம் மொத்தமும் நின்றது. "இதாம்மா நெரவி?" என்றார் சார், இன்னும் கையைக் கூப்பியபடியே. "ஆமா சார்" என்றேன்.

அந்தத் திரை இருந்த வருஷமெல்லாம் எங்கள் அலுவலகத்தில் காலையில் "சார், கும்பிட்டுக்குங்க" என்கிற என் குரல் கேட்கும். புதிதாக வருகிறவர்கள், போனைக் கும்பிடுகிற சாரைப் பார்த்து, பெரிய பக்திமான் என்று நினைத்துக்கொள்வார்கள். நாங்களும் திருத்தியதில்லை. திருநள்ளாற்றுக்கு அவர் போனாரா என்றால், போனார். வேண்டிக்கொண்டது வேண்டிக்கொண்டதுதானே.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் குழந்தை வழக்கம்போல அத்தை மடிக்குப் போய்விட்டது. நான் பையை இறக்கவில்லை. கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, அவளே அத்தையை இறக்கித் தரச் சொல்லி, தன்னைவிடப் பெரிய அந்தப் பையைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு என் முன்னால் வந்து போட்டாள். "இந்தா. பாண்டிக்குப் போ."

"போகலடி. இனிமே இந்தப் பை எனக்கு வேணாம்."

"அப்பாடா, என் ஸ்பேனரெல்லாம் போட்டுக்கறேன்" என்று வீட்டுக்காரர் கை நீட்டினார். குழந்தை விடவில்லை. பையின் காதைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தாள். முகம் கோணிக்கொண்டு வந்தது.

"போகலைன்னா, சனிக்கெழம எப்படி வருவே?"

நான் அவளைத் தூக்கிக்கொண்டேன். தினமும் வருவேன், சாயங்கால பஸ்ஸில் தினமும் வருவேன் என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். அவள் நம்பவில்லை. இறங்கிப் போய், பையைக் கதவோரமாக நிறுத்தி வைத்தாள், எதற்கும் இருக்கட்டும் என்று.

திங்கட்கிழமை சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கி வந்தபோது அது அங்கேயேதான் இருந்தது. அவள் என்னைப் பார்த்தாள், பையைப் பார்த்தாள். செவ்வாய்க்கிழமையும் அப்படியே. புதன்கிழமை நான் வீட்டுக்குள் நுழைந்தபோது கதவோரம் காலியாக இருந்தது. பையை அப்பாவிடம் கொடுத்துவிட்டாளாம்.