மேலே போய்த் திரும்பாத பட்டியல்

யின்லானிடம் யாராவது "உனக்கு எந்த ஊரு?" என்று கேட்டால், அவள் உடனே பதில் சொல்வதில்லை. கேட்டவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "எந்த வருஷத்துல கேக்குறீங்க?" என்பாள். பூண்டு வாங்க வந்த வியாபாரியானாலும் சரி, மகளைப் பெண் கேட்டு வந்தவர்களானாலும் சரி, இதே கேள்விதான். வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தவர்கள் உண்டு. அவள் சிரித்ததில்லை.

வீடு என்னவோ ஒன்றுதான். மஞ்சள் நதியின் கரைமேட்டுக்குக் கீழே, கெங்லோவ் கிராமத்தில், கிழக்கு பார்த்த மண்வீடு. 1950-இல் கெங் ஷோவ்ரெனைக் கட்டிக்கொண்டு அங்கே வந்தபோது, கல்யாணச் சான்றிதழில் விழுந்த முத்திரை பிங்யுவான் மாகாணத்துடையது. மூத்தவன் நன்றாக நடக்கப் பழகுவதற்குள் அந்த மாகாணமே இல்லாமல் போனது. அவர்களுடைய லின்பூ வட்டத்தை ஷான்டோங் மாகாணத்தில் சேர்த்தார்கள். 1958 கடைசியில் லின்பூவைப் பக்கத்து வட்டத்தோடு கலந்தார்கள். அடுத்து வந்த பெரும் பஞ்சம் தணிந்ததும் திரும்பப் பிரித்தார்கள். 1964-இல், வெள்ளத் தடுப்பு வேலை ஒரே கையில் இருக்கட்டும் என்று, வட்டத்தை ஹெனான் மாகாணத்திடம் கொடுத்தார்கள். கொடுக்கும்போது வட்டத்தின் தலைமைப் பட்டணத்தை மட்டும் ஷான்டோங் தன்னிடமே வைத்துக்கொண்டது. அதனால் லின்பூவின் அலுவலகங்கள், குடிக்கூலிக்கு வந்தவர்களைப் போல, அடுத்த மாகாணத்து மண்ணில் உட்கார்ந்திருந்தன.

ஷோவ்ரென் அந்தப் பட்டணத்துப் பள்ளியில் ஆசிரியராக இருந்தவர். 1957 வசந்தத்தில், குறைகளை மனம்விட்டுச் சொல்லுங்கள் என்று கட்சிக்காரர்கள் கூட்டம் போட்டுக் கேட்டார்கள். எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது இவர் எழுந்தார். மூன்று வருஷத்துக்கு ஒரு மாகாணம் என்றால் பிள்ளைகளுக்கு வரைபடப் பாடம் எப்படி நடத்துவது, இதில் பெயர்ப்பலகை எழுதுகிறவனுக்குத்தான் யோகம் என்றார். எல்லோரும் சிரித்தார்கள். தலைமை ஆசிரியர்கூடச் சிரித்தார்.

அடுத்த வருஷம் இன்னொரு கூட்டம். அதில் யாரும் சிரிக்கவில்லை. 'வலதுசாரி', அதாவது கட்சிக்கு எதிரி, என்று அவர் பெயரை உரக்கப் படித்தார்கள். மூட்டையைக் கட்டிக்கொண்டு கிராமத்துக்கு வந்து சேர்ந்தார். அந்தப் பட்டத்தை ஊரில் தொப்பி என்பார்கள். தலையில் தொப்பி விழுந்தவன் பண்டிகைக்கு முந்தின நாள் ஊர் எழுவதற்கு முன் தெருவைக் கூட்ட வேண்டும். கரைமேட்டில் மற்றவர்கள் ஒரு கூடை மண் சுமந்தால் அவன் இரண்டு சுமக்க வேண்டும். மாதம் ஒரு முறை தன் மனசில் என்னென்ன ஓடியது என்று எழுதி, உற்பத்திக் குழுத் தலைவனிடம் கொடுக்க வேண்டும். குழுத் தலைவன் தாஹு, ஷோவ்ரெனின் சித்தப்பா மகன்தான். அவனுக்குப் படிக்கத் தெரியாது. வாங்கி எடை பார்ப்பதுபோல் கையில் தூக்கிப் பார்த்துவிட்டு, "இந்த மாசம் கொஞ்சம் மெலிஞ்சிருக்கே, வாத்தியாரே" என்பான்.

மகன் பட்டாளத்துக்கு இரண்டு முறை பெயர் கொடுத்தான். இரண்டு முறையும் அப்பாவின் தொப்பியைக் காட்டித் திருப்பி அனுப்பினார்கள்.

1979-இல் தொப்பிகளைக் கழற்றுகிறார்கள் என்று ஒலிபெருக்கியில் வந்தது. தொப்பி தவறாகப் போடப்பட்டது என்று ஒரு தாள் கொடுப்பார்களாம். அதைக் காட்டினால் பழைய வேலையும் திரும்பக் கிடைக்குமாம். போட்ட அலுவலகம்தான் கழற்ற வேண்டும் என்பது விதி. ஷோவ்ரெனுக்கு அப்போது நாற்பத்தொன்பது வயது. அலுவலக மேசைக்கு முன்னால் போய் நின்றால் அவர் தலை தானாகக் கவிழ்ந்துவிடும். வாயில் வார்த்தை வராது. ஆனால் அன்று இரவே எங்கிருந்தோ ஒரு துண்டு சுண்ணாம்புக்கட்டியைத் தேடி எடுத்து, தண்ணீர்த் தொட்டியின் மேல் எழுதிப் பார்த்தார். யின்லான் பார்க்காததுபோல் கேழ்வரகு நிறத்துச் சோளக்கஞ்சியைக் கிண்டிக்கொண்டிருந்தாள். மறுநாள் அவளே கிளம்பினாள்.

பட்டணத்தில் இரண்டு கல்வி அலுவலகங்கள், ஒரே தெருவில், எதிரும் புதிருமாக. ஒன்று ஷான்டோங்குடையது, ஒன்று லின்பூவுடையது, அதாவது ஹெனானுடையது. இடையில் ஒரு இலந்தை மரமும், பன்ரொட்டி அவிக்கிற கடையும்.

"பள்ளிக்கூடம் எங்களோடதுதான், அக்கா. ஆனா தொப்பி போட்டது லின்பூ. லின்பூ இப்ப ஹெனான். அங்க போய்க் கேளுங்க" என்றான் ஷான்டோங் அலுவலகத்தில் இருந்த இளைஞன்.

தெருவைக் கடந்தாள். லின்பூ அலுவலகத்துப் பெண் ஊசியும் நூலுமாகக் காலுறை தைத்துக்கொண்டிருந்தாள். "ஹெனானுக்கு மாறினப்ப எங்க ஆளுங்க கோப்பெல்லாம் எங்ககூட வந்துச்சு. உங்க வீட்டுக்காரர் அப்ப எங்க ஆள் இல்லையே? வேலைய விட்டு அனுப்பினவங்களோடது பள்ளிக்கூடத்துலயேதான் கெடக்கும்."

மறுபடி தெருவைக் கடந்தாள். அந்த வசந்தத்திலும் அறுவடைக்குப் பிறகும் எத்தனை முறை கடந்திருப்பாள் என்று அவளுக்கே தெரியாது. பன்ரொட்டிக் கடைக்காரர் ஒருநாள், "உங்களுக்காக இங்க ஒரு பாலம் கட்டலாம் போல, அண்ணி" என்றார்.

இலையுதிர் காலத்தில் ஷான்டோங் பக்கத்தில் ஓய்வுபெறும் வயதில் இருந்த யீ என்ற எழுத்தர், அவளைப் பார்க்கப் பொறுக்காமல், பின்கட்டில் பழைய தாள்களைக் கிளறினார். மூன்றாம் நாள் தும்மிக்கொண்டே வந்து உட்கார்ந்தார்.

"கெடச்சுதும்மா. பள்ளிக்கூடத்துல பேர் எழுதுனாங்க, வட்டத்துக்குப் போச்சு, வட்டத்துலேருந்து ஒப்புதலுக்கு மாவட்டத்துக்குப் போச்சு. அதோட சரி."

"அதோட சரின்னா?"

"அந்த அம்பத்தெட்டுக் கடைசியில மாவட்ட அலுவலகத்தையே இன்னொண்ணோட சேத்துட்டாங்க. இங்க லின்பூவையும் கலைச்சாச்சு. பட்டியல் போன எடத்துல ஆளில்ல, அனுப்புன எடத்துலயும் ஆளில்ல. ஒப்புதல் வரவே இல்ல." அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "சட்டப்படி உங்க வீட்டுக்காரருக்குத் தொப்பியே கெடையாது. சந்தோஷமாப் போங்க."

யின்லான் பெஞ்சின் நுனிக்கு நகர்ந்தாள். "அப்ப அவரு பள்ளிக்கூடத்துக்குத் திரும்பிப் போலாமா?"

"தொப்பி இருந்தவங்களுக்குத்தானே அந்த உத்தரவு?"

"தொப்பி இல்லன்னா ஏன் வேலை போச்சு?"

யீ தாளைத் திருப்பிப் பார்த்தார். "தானா விட்டுட்டு ஊருக்குப் போனதா எழுதியிருக்கு."

அவள் எழுந்திருக்கவில்லை. வெட்கமும் பயமுமாக எத்தனையோ மேசைகளின் முன் நின்றவள், அன்று அந்தப் பெஞ்சை விட்டு அசையவில்லை. கடைசியில் யீ குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "ஒரு வழி இருக்கு. இருபத்தொரு வருஷம் தொப்பிக்காரனாத்தான் நடத்துனோம்னு உங்க ஊர்க் குழுத் தலைவர் எழுதி முத்திரை வச்சுக் குடுக்கட்டும். அத வச்சு நான் மேல அனுப்பிப் பாக்குறேன்."

இருட்டுவதற்குள் கெங்லோவ் திரும்பினாள். நேராகத் தாஹுவின் முற்றத்துக்குத்தான் போனாள். அவன் குந்தி உட்கார்ந்து பூண்டைக் கடித்துக்கொண்டு கஞ்சி குடித்துக்கொண்டிருந்தான். அவள் சொன்னதை முழுசாகக் கேட்டான்.

"தொப்பியே இல்லையா?" என்றான். "அப்படியா எழுதியிருக்கு?"

"ஆமா தம்பி. நடந்தத யாரையாவது எழுதச் சொல்லி நீ முத்திரை வச்சாப் போதும். ஊரே பாத்ததுதானே."

"அண்ணி, நீங்க வெவரம் தெரிஞ்சவங்க. யோசிச்சுப் பாருங்க." அவன் கிண்ணத்தைத் தரையில் வைத்தான். "உத்தரவு இருக்குன்னு நெனச்சுத்தான் கூட்டச் சொன்னேன், மண்ணு சொமக்கச் சொன்னேன். உத்தரவே இல்லன்னா, இத்தன வருஷம் அண்ணன வதைச்சவன் யாரு? நான்தானே? அத நானே சொல்லி எழுத வச்சு, நானே முத்திரை வைக்கணுமா?"

"மாசாமாசம் எழுதிக் குடுத்தாரே, அந்தத் தாளாவது குடு."

"எம் பொண்டாட்டி அடுப்பு பத்த வச்சா. நல்லா எரியும்னு சொல்லுவா."

அவன் மனைவி உள்ளேயிருந்து, "என்னை எதுக்கு இழுக்குற?" என்று கத்தினாள்.

யின்லான் மேலும் இரண்டு முறை போனாள். ஒரு முறை முட்டைகளோடு போனாள். தாஹு முட்டைகளை வாங்கவில்லை. அந்த மட்டுக்கு அவனிடம் நியாயம் இருந்தது. ஊரில் மற்றவர்களும் சாட்சியாகக் கைநாட்டு வைக்கத் தயங்கினார்கள். கூட்டங்களில் ஷோவ்ரெனைத் தோளைப் பிடித்துக் குனிய வைத்தவர்கள் அவர்கள்தானே.

ஷோவ்ரெனிடம் அதுவரை மறைத்திருந்தாள். மழைக்காலக் கசிவு போல விஷயம் எப்படியோ வீட்டுக்குள் வந்துவிட்டது. அவர் அழவில்லை. முதலில் கொஞ்சம் சிரித்தார்.

"இருநூத்தம்பது தாள் எழுதியிருப்பேன். நல்ல எழுத்து அது" என்றார். பிறகு அவள் பக்கம் திரும்பினார். "யாரு ஒன்ன தோண்டித் தோண்டிக் கேக்கச் சொன்னா?"

"நீங்கதானே சுண்ணாம்புக்கட்டியத் தேடுனீங்க, புள்ளைங்கப்பா."

"தொப்பி இருந்துச்சு, அதனால பட்டேன்னு இருந்துச்சு. என்னை மாதிரி ஆயிரம் பேரு. இப்ப அதுவும் போச்சு. ஒண்ணுமில்லாததுக்குப் பட்டவன் நான் ஒருத்தன்தான்." எழுந்து வெளியே போனார்.

அந்தக் குளிர்காலம் முழுக்க அவளோடு பேசவில்லை. படுக்கும் மண்மேடையில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வார். வசந்த விழா என்கிற புத்தாண்டுப் பண்டிகைக்கு முந்தின விடியலில் துடைப்பத்தோடு தெருவில் இறங்கினார். யாரும் சொல்லவில்லை. அவள் ஓடிப்போய்த் துடைப்பத்தைப் பிடுங்கினாள். "தானா செய்யறேன். தாள்லயே அப்படித்தான் இருக்கு" என்றார். அதுதான் அவர் அவளிடம் திரும்பப் பேசிய முதல் பேச்சு. தாஹுவின் வீட்டு வாசலை மட்டும் இரண்டு தடவை கூட்டினார். உள்ளே விளக்கு எரிந்தது, கதவு திறக்கவில்லை.

யீ அடுத்த வருஷம் ஓய்வுபெற்றார். அவர் இடத்துக்கு வந்தவர், ஹெனான்காரர்கள் விவகாரம் எங்களுக்கெதற்கு என்று கோப்பைப் பார்க்கவே மறுத்துவிட்டார். தொப்பி கழற்றும் வேலை முடிந்தது என்று ஒலிபெருக்கி அறிவித்தது. ஷோவ்ரென் பதிமூன்று வருஷம் பூண்டு பயிரிட்டார். 1993-இல் நெஞ்சு வலித்து இறந்தார். சாகும்வரை எந்தத் தாளும் வரவில்லை.

தாஹு இப்போது இல்லை. லின்பூ வட்டம் ஹெனானில்தான் இருக்கிறது; அதன் அலுவலகங்கள் சொந்த மண்ணில் புதுக் கட்டிடத்துக்குப் போய்விட்டன. பள்ளிக்கூடம் ஷான்டோங்கில், நான்கு மாடியாக நிற்கிறது. யின்லானுக்கு எண்பத்தேழு வயது. மகன் வீட்டில் இருக்கிறாள், காது மந்தம். போன வருஷம் முதியோர் பதிவுக்காக வீடுவீடாக வந்தார்கள். கணவர் தொழில் என்ற கட்டத்தில் மகன் 'விவசாயி' என்று எழுதிக் கொடுத்தான்.