ருவைஸிலிருந்து அமெரிக்க ஜன்னல் வரை: 240 கிலோமீட்டர், நூறு கேள்விகள்

அபுதாபியில் அமெரிக்க விசா நேர்காணலுக்குப் போகிறவர்கள் இதைப் படிக்கலாம். அமெரிக்கா எப்படி இருக்கும் என்று மட்டும் என்னிடம் கேட்காதீர்கள். நான் போனது அதன் ஜன்னல் வரைக்கும்தான்.

2006 ஏப்ரலில் போனேன். நியூ ஜெர்சியில் இருந்த என் தங்கை மல்லிகாவுக்குப் புற்றுநோய் முற்றிவிட்டது. இரண்டு மூன்று மாதம் என்று டாக்டர் சொன்னதாக மாப்பிள்ளை போனில் அழுதார். எங்களுக்குத் தாய் தகப்பன் இல்லை. அவளை உயிரோடு ஒருமுறை பார்த்துவிட வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

அவள் அப்போது அமெரிக்கக் குடியுரிமைப் பரீட்சைக்கு மனு போட்டிருந்தாள். அதற்கான நூறு கேள்விகள் கொண்ட சின்னப் புத்தகம் ஒன்றைத் தபாலில் எனக்கும் அனுப்பினாள். “நீயும் படிச்சுக்கண்ணே. அங்க விசாவுக்குக் கேட்டாலும் கேப்பாக” என்றாள். வெள்ளிக்கிழமைதோறும் காலிங் கார்டு போட்டுப் பேசுவோம். உடம்பு எப்படி என்று கேட்டால் பதில் வராது, கேள்விதான் வரும்.

“ஜனாதிபதி வீட்டோ போட்டா காங்கிரஸ் என்னண்ணே பண்ணும்?”

“ரெண்டு சபையிலயும் மூணுல ரெண்டு பங்கு சேந்தா, அவரு வேணாம்னதையே சட்டமாக்கிரலாம்.”

“அந்தச் சட்டமே தப்பா இருந்தா?”

“சுப்ரீம் கோர்ட்டு தள்ளிவிட்டுரும்.”

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்தப் புத்தகம் எனக்குப் பிடித்துப்போனது. சட்டம் போடுவது ஒரு கிளை, நடத்துவது ஒரு கிளை, தீர்ப்புச் சொல்வது ஒரு கிளை. ஒன்றின் கடிவாளம் இன்னொன்றின் கையில். அபுதாபிக்கு மேற்கே ருவைஸில், எங்கள் கம்பெனியின் தொழிலாளர் கேம்ப்பில் மூன்றும் ஒரே ஆள், கேம்ப் பாஸ். வாட்டர் கூலர் ஓடவில்லை என்று எழுதிக் கொடுத்த மதுரைக்காரனை மறுநாளே வேறு சைட்டுக்குத் தூக்கியடித்தார். அரசாங்கத்திடமே குறை சொல்லி முறையிடுவது குடிமக்களின் உரிமை என்று அவர்கள் அரசியலமைப்பின் முதல் திருத்தத்தில் படித்தபோது, அடேயப்பா, இப்படியும் ஓர் ஊரா என்று வாய் பிளந்தேன்.

இனி பயணம். கம்பெனி வைத்திருந்த பாஸ்போர்ட்டையும் லீவு கடிதத்தையும் வாங்கவே ஒன்பது நாள் ஆனது. விசாக் கட்டணம் நூறு டாலர், திர்ஹமில் முந்நூற்று எழுபது சொச்சம், வங்கியில் முன்பே கட்டியாயிற்று. திங்கட்கிழமை காலை 4.45க்கு ஷேர் டாக்ஸி, ஆளுக்கு 35 திர்ஹம். பெஷாவர்க்கார டிரைவர் என் மடியிலிருந்த புத்தகத்தைப் பார்த்து, “இம்திஹான் ஹை க்யா, பாய்?” என்றார். ஆமாம், பரீட்சைதான் என்றேன். 240 கிலோமீட்டரும் பாலைவனத்தைப் பார்க்கவில்லை, கேள்விகளைத்தான் பார்த்தேன். 7.20க்கு அபுதாபி. அங்கிருந்து தூதரகத்துக்கு டாக்ஸி 8 திர்ஹம்.

உள்ளே செல்போன், பை எதுவும் கூடாது. பக்கத்துத் தெரு டைப்பிங் சென்டரில் கொடுத்துவைத்தேன். விண்ணப்பம் அடித்துக் கொடுக்கும் கடை அது. காயல்பட்டினத்துக்காரர் ஒருவர் நடத்தினார். “இது எதுக்கு தம்பி? பேப்பர மட்டும் எடுத்துட்டுப் போங்க” என்று புத்தகத்தைக் காட்டினார். அவர் பேச்சைக் கேட்டேனா? புத்தகத்தையும் ஃபைலில் செருகிக்கொண்டு போனேன், மடையன்.

9.40க்குக் கூப்பிட்டார்கள். கண்ணாடிக்குப் பின்னால் ஓர் இளம்பெண், மரியாதையாகத்தான் பேசினார். தங்கையின் ஆஸ்பத்திரிக் கடிதத்தைப் படித்து வருத்தம் தெரிவித்தார். மனைவி, பிள்ளைகள் உண்டா என்றார். கல்யாணம் ஆகவில்லை. ஊரில் வீடு, நிலம்? இல்லை. அப்புறம் ஃபைலில் நீட்டிக்கொண்டிருந்த புத்தகத்தைப் பார்த்து, அது என்ன என்றார்.

இதற்காகத்தானே காத்திருந்தேன்! “உங்கள் அரசியலமைப்பு, மேடம். நூறு கேள்வியும் தெரியும். கேளுங்கள்” என்றேன். அவர் கேட்காமலே மூன்று கிளைகளையும் ஒப்பித்தேன். பதினைந்து நாள் விசாவுக்கு இதை ஏன் படித்தீர்கள் என்றார். “உங்கள் நாட்டுக்குத் தயாராக இருக்க வேண்டும் அல்லவா?” என்று சிரித்தேன்.

அவர் சிரிக்கவில்லை. ஏதோ தட்டச்சு செய்தார். திரும்பிவருவேன் என்பதற்கு என்னிடம் போதிய ஆதாரம் இல்லையென்று அச்சடித்த தாளோடு பாஸ்போர்ட்டை நீட்டினார். நான்கே நிமிடம்.

யாரிடம் மேல்முறையீடு செய்யலாம் என்று கேட்டேன். மேல்முறையீடு கிடையாது, மறுபடி பணம் கட்டி விண்ணப்பிக்கலாம் என்றார். நீதிபதி? நீதிமன்றங்கள் விசா முடிவுகளில் தலையிடுவதில்லை என்றார். ஜனாதிபதிக்கே கடிவாளம் போட்ட புத்தகத்தில் இந்த ஜன்னலுக்கு ஒரு வரிகூட இல்லை. அந்தப் பெண்மீது கோபம் வரவில்லை. படித்ததெல்லாம் சரி, ஆனால் அது கண்ணாடிக்கு உள்ளே இருப்பவர்களுக்கு. அது தெரியாத என்மீதுதான் வந்தது.

நியூ ஜெர்சியில் விடியட்டும் என்று மாலை நான்கு மணி வரை பூங்காவில் உட்கார்ந்திருந்துவிட்டு பூத்திலிருந்து கூப்பிட்டேன்.

“படிச்சதக் கேட்டாகளாண்ணே?” குரலே எழும்பவில்லை அவளுக்கு.

“கேட்டாக தாயி. அம்புட்டுக்கும் டாண் டாண்னு சொல்லிட்டேன். கூட்டம் சாஸ்தி, இன்னொரு நாள் வரச் சொல்லிருக்காக.”

“நாந்தான் சொன்னேன்ல!” என்று சிரித்தாள். அந்தப் புத்தகம்தான் என்னைக் கவிழ்த்தது என்று எந்த வாயால் சொல்வேன்?

மறுபடி பணம் கட்டி நாள் வாங்குவதற்குள், முப்பத்தாறாம் நாள் போய்விட்டாள். அவளுடைய பரீட்சைக்கான அழைப்புக் கடிதம் அதற்கு அடுத்த வாரம் வந்ததாம்.

போகிறவர்களுக்குச் சொல்கிறேன். காலை ஏழரைக்குள் போய்விடுங்கள். போனை வெளியே கொடுத்துவையுங்கள். வேலைக் கடிதம், வங்கிக் கணக்கு, ஊரில் குடும்பமோ நிலமோ இருந்தால் அதன் அத்தாட்சி, இவை போதும். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள். அவர்கள் நாட்டின் பெருமையை அவர்களிடமே ஒப்பிக்காதீர்கள்.

புத்தகம் என் கட்டில் தலைமாட்டில்தான் இருக்கிறது. நூறும் இன்றைக்கும் தலைகீழ்ப் பாடம். வெள்ளிக்கிழமையானால் முதல் கேள்வியிலிருந்து ஆரம்பித்து, மல்லிகா கேட்பதுபோல நானே கேட்டு, நானே பதில் சொல்லிக்கொள்கிறேன்.