கிலோ பார்த்து எடுத்த விமானம்

வளைகுடாவில் காலம் தள்ளியவனுக்கு ஒரு வியாதி உண்டு. எதைப் பார்த்தாலும் எத்தனை கிலோ என்று கேட்பான். இப்போதும் லீவுக்கு இருவரும் ஊருக்குக் கிளம்பும்போது பெட்டியைத் தராசுக் கொக்கியில் தொங்கவிட்டு, எடை கூடினால் பால்பவுடர் டப்பாவை வெளியே எடுப்பேன். நான் அந்தப் பக்கம் திரும்பியதும் என் மனைவி அதை உள்ளே சொருகிவிடுவாள். இப்படிப் பழகிய கையோடுதான் விமானம் வாங்கப் போனேன்.

முழு விமானம் இல்லை, கிட். பாகங்கள் பெட்டிகளில் வரும்; நாமே ரிவெட் அடித்துக் கட்டிக்கொள்ள வேண்டும். ஆலையில் டெக்னீஷியனாக இருந்தவனுக்கு அதில் பயம் என்ன? லைசென்ஸ் எடுத்தாயிற்று, ஷார்ஜாவில் ஒரு ஷெட்டும் பேசி வைத்தாயிற்று. மலையடிவாரத்துச் சரளையிலும் கெட்டி மணலிலும் இறங்கி, ஃபிளாஸ்க்கில் கொண்டுபோன டீயைக் குடித்துவிட்டுத் திரும்ப வேண்டும். என் ஆசை அவ்வளவுதான். அதற்குப் பெரிய டயர் வேண்டும், எடை குறைவாக இருக்க வேண்டும்.

கடைசியில் இரண்டு கிட்கள் மிஞ்சின. ஒன்றில் இருக்கைகள் முன்னும் பின்னுமாக, ஆள் ஒல்லி. மற்றதில் பக்கத்தில் பக்கத்தில், கொஞ்சம் தடியன். கிலோ பார்க்கிறவன் யோசிக்க என்ன இருக்கிறது? ஒல்லிக்கே என் ஓட்டு.

கவலையெல்லாம் மனைவியைப் பற்றித்தான். நர்ஸ் வேலையில் அடிபட்டு வருகிறவர்களையே பார்த்துப் பார்த்து, பைக்கில் ஏறவே யோசிப்பவள். அவள் வரமாட்டேன் என்றால் விமானமே வேண்டாம் என்று மனதுக்குள் முடிவு செய்திருந்தேன். வெளியே சொல்லவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை, கார்கோ பெட்டி ஒட்டும் பழுப்பு டேப்பால் ஹால் தரையில் விமானத்தின் அளவை ஒட்டி, நடுவே சாப்பாட்டு மேசை நாற்காலிகள் இரண்டை ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டேன். டூட்டி முடிந்து வந்தவள் வாசலிலேயே நின்றாள்.

"என்ன இது, பஸ் விளையாட்டா?"

"பின்னால உக்காந்து பாரு."

உட்கார்ந்தாள். நான் முன்னால் உட்கார்ந்து, இன்ஜின் நின்றாலும் எப்படி மிதந்து இறங்கலாம் என்று விளக்க ஆரம்பித்தேன்.

"உங்க முதுகுதான் தெரியுது" என்றாள்.

"ரெண்டு பக்கமும் ஜன்னல் இருக்கும்லா, வெளியே பாரு."

"லீவு முடிஞ்சு நீங்க சவுதிக்கு, ஜுபைல் கேம்புக்குப் போவும்போதெல்லாம் ஏர்போர்ட் வாசல்ல நின்னு இந்த முதுகைத்தான பாத்தேன். பெறகு எனக்கு ஓமன்ல, சலாலாவுல வேலை கிடைச்சு, நீங்க நின்னு என் முதுகைப் பாத்தீங்க. இப்பதான் ஒரே வீட்டுல இருக்கோம். இனியுமா முதுகு?"

அவள் பயத்துக்கு ஆயிரம் பதில் தயாராக வைத்திருந்தேன். அவள் கேட்டது வேறு. நாற்காலியோடு அவள் பக்கம் திரும்பினேன்.

"அப்போ பக்கத்துல உக்காந்தா வருவியா?"

"வாரேன். பயமாத்தான் இருக்கு, ஆனா வாரேன்."

டேப்பைக் கிழித்து அகலமாக ஒட்டினேன். நாற்காலிகளைச் சேர்த்துப் போட்டு உட்கார்ந்தோம். தோள் இடித்தது. பிரிந்திருந்த வருடங்களைத் தாண்டி இவளை என் பக்கத்தில் கொண்டுவந்து உட்கார வைத்த கடவுளுக்கு மனதார நன்றி சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் வியாதி தலைதூக்கியது.

"இது எடை கூட" என்றேன்.

"அதுக்கென்ன" என்றாள் ஒரு பால்பவுடர் டப்பாவைக்கூட விட்டுக்கொடுக்காதவள். "என் பெட்டியில குறைச்சிக்கிடுதேன்."